நகம் பதியாத சீட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயா வீட்டில் இடியப்பத் தட்டை வைக்க மேசையில் இடமில்லாமல், கனகம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உந்தச் சீட்டெல்லாத்தையும் ஒருக்கா எடுக்கிறியே? அப்பா வாக்கிங் முடிச்சு வந்தா எங்க இருந்து சாப்பிடுவார்?"

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இண்டைக்குப் பின்னேரம் கமிட்டிக்குச் சொல்லவேணும்."

மேசை முழுக்க விளையாட்டுச் சீட்டு. நாலு கம்பெனி, நாலு கட்டு. மருந்துக்கடையில் மாத்திரைகளைப் பிரித்து வைக்கிற அதே கவனத்தோடு ஷாந்தினி அவற்றைத் தனித்தனியாக அடுக்கியிருந்தாள்.

சங்கத்தில் வருஷா வருஷம் நடக்கும் முந்நூற்றி நாலு சீட்டாட்டப் போட்டிக்கு இந்தத் தடவை எந்தச் சீட்டு வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். செயலாளர் என்பதால் மட்டுமல்ல. போன வருஷம் இறுதி ஆட்டத்தில் அவள் அப்பா சிற்றம்பலமும் அவள் கணவன் வசந்தனும் ஜோடியாக ஆடிக் கோப்பையை வென்றார்கள். தோற்றுப்போன, பொந்தியானிலிருந்து ஆட வரும் கமலநாதன் எழுந்து நின்று, "இந்தக் கட்டில ஏதோ கிடக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கமிட்டி சீட்டுக்கட்டை மேசையில் விரித்துப் பார்த்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அரசாங்க வேலையில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் ஓய்வு பெற்ற தன் அப்பாவைக் கள்ளன் என்று சொன்னவரை ஷாந்தினி விடவில்லை. மன்னிப்புக் கேட்டால்தான் இனிச் சங்கத்துக்குள் கால் வைக்கலாம் என்று பிடிவாதமாக நின்றாள். மறு வாரம் மனிதர் வந்து, தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு அவர் சங்கத்துப் பக்கம் வரவேயில்லை.

இந்த வருஷம் யாரும் வாயைத் திறக்க முடியாதபடி ஒரு சீட்டு வேண்டும். அதுதான் அவள் எண்ணம்.

முதல் கட்டு, இத்தனை காலமும் சங்கத்தில் ஆடிய அதே நீல முதுகுக் காகிதச் சீட்டு. புதிதாகப் பிரித்தபோது நன்றாகத்தான் வழுக்கியது. வியர்த்த கையால் நாலைந்து தரம் கலைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாக விழுந்தது.

இரண்டாவது, வசந்தன் வேலைக்காகப் போனபோது சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அதுவும் காகிதம்தான். ஆனால் துணி நெய்த மாதிரி மேலெல்லாம் நுணுக்கமான பள்ளம். விரித்தால் விசிறி போல அழகாக விரிந்தது. ஓரம் மட்டும் அதற்குள் அழுக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது, ஆன்லைனில் மலிவாக வந்த பிளாஸ்டிக். பெரிய எழுத்து, வயசானவர்களுக்கு வசதி என்று நினைத்து வாங்கினாள். வெளிச்சத்தில் கண்ணைக் கூச வைத்தது. ஹார்ட் சிவப்பாக இல்லாமல் தோடம்பழ ஆரஞ்சாக இருந்தது. போதாக்குறைக்கு, வெட்டும் சரியில்லை. சில சீட்டுகள் மயிரிழை அகலம் கூட. அதை அப்படியே ஒதுக்கி வைத்தாள்.

நாலாவதும் பிளாஸ்டிக்தான், ஆனால் வேறு தரம். கையில் கனம் தெரிந்தது. வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. பளபளப்பு இல்லை. கறிக் கையால் தொட்டாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மூலையில் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்ததும் தடம் மறைந்துபோனது.

காகிதச் சீட்டிலும் அதே மாதிரி அழுத்தினாள். மெல்லிய பிறை போல ஒரு கோடு விழுந்தது, தேய்த்தும் போகவில்லை.

"இதுதான்" என்றாள் பிளாஸ்டிக் கட்டைத் தட்டி. "ஒரு நாள் முழுக்க ஆடினால் காகிதம் எப்பிடி ஆகுது எண்டும் காட்டவேணும். போன வருஷ ஃபைனல் கட்டு கண்ணாடி அலுமாரியில கிடக்குதுதானே?"

குளித்துவிட்டு வந்த வசந்தன் துண்டோடு அப்படியே நின்றான்.

"அது எதுக்கு ஷான்? பிளாஸ்டிக் நல்லா இருக்கு, அதையே சொல்லிடு. பழைய கட்டை எதுக்கு நோண்டுற?"

"நோண்டேல்ல. கம்பேர் பண்ணப்போறன்."

"வேணாம் லா. விட்டுடு."

அவன் குரலில் இருந்த அவசரம் அவளுக்குப் புதிதாக இருந்தது. அவள் கோப்பைக்குப் பக்கத்திலிருந்த கட்டை எடுத்து வந்து பிரித்தாள்.

முந்நூற்றி நாலு ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் பெரிய மதிப்பில்லை. ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேலே. நாலு ஜாக்கும் யார் யார் கையில் இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி.

ஷாந்தினி சீட்டுகளைக் கையில் பிடித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து ஓரங்களைப் பார்த்தாள். மேசையில் விரித்துக் கிடந்தபோது தெரியாதது சாய்த்தபோது தெரிந்தது. ஒரு சீட்டின் முதுகில், மூலையில், பிறைக் கோடு. திருப்பினாள். ஸ்பேட் ஜாக்.

இன்னொன்று. ஹார்ட் ஜாக்.

மீதி இரண்டையும் தேடி எடுத்தாள். இரண்டிலும் இருந்தது. வேறு எந்தச் சீட்டிலும் இல்லை.

தோற்ற பக்கம் ஜாக்கில் அடையாளம் வைத்துவிட்டுத் தானே புகாரும் சொல்லாது. அப்படியென்றால் வென்ற பக்கம். வென்ற பக்கத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் அப்பா.

அவள் வசந்தனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்களுக்குத் தெரியும்."

அவன் சீட்டுகளைச் சேர்த்து எடுக்கக் கை நீட்டினான்; அவள் தடுத்தாள்.

"அதுதான் எடுக்கவேணாம் எண்டனீங்க. நீங்கதான் செஞ்சீங்களா?"

"நீ அப்படி நினைக்கிறியா?"

"பின்ன யாரு? அப்பாவா?"

வசந்தன் அலுமாரியிலிருந்த கோப்பையைப் பார்த்தான். கனகம்மா இடியப்பத் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து சீட்டுகளை எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அவள் முகம் இறுகியது.

"எஸ்டேட்டில எல்லாம் சீட்டு எப்பிடி விளையாடுறவை எண்டு எங்களுக்குத் தெரியாதே? பிள்ளை ஆசைப்பட்டாள் எண்டு விட்டம். இவரின்ர பேரையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டியே தம்பி."

வசந்தன் ரெங்கத்தில் பிறந்தவன். அவன் தாத்தா அங்கே ரப்பர் தோட்டத்தில் கூலியாகப் பால் வெட்டியவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஷாந்தினிக்கு அம்மாவை அதட்ட வேண்டும் என்று தோன்றியது. வசந்தன் மேலிருந்த கோபம் அவளைத் தடுத்தது. அவள் சும்மா இருந்தாள்.

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் ஏதாவது சொல்வாள் என்று. சொல்லவில்லை என்றானதும் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தான்.

"எங்க போறீங்க?"

"அம்மா வீட்டுக்கு."

கேட்டைத் தாண்டி அவன் கார் போகவும் சிற்றம்பலம் நடைப்பயிற்சி முடிந்து வரவும் சரியாக இருந்தது. கனகம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மேசையில் வரிசையாகக் கிடந்த நாலு ஜாக்கையும் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"விடு பிள்ளை" என்றார் மகளிடம். "அவனை ஒண்டும் கேட்கவேண்டாம். நடந்தது நடந்துபோச்சு."

"நீங்கள் பெருந்தன்மையாச் சொல்லுறீங்கள் அப்பா. நான் கமலநாதன் அங்கிளை எப்பிடி நிமிர்ந்து பார்ப்பன்?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டு, சாப்பிடாமல் வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்.

*

பின்னேரம் சங்க மண்டபத்தில் பிளாஸ்டிக் கட்டை வைத்து ஒத்திகை ஆட்டம். கமிட்டிக்காரர்கள் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். வசந்தன் வராததற்கு ஷாந்தினி வேலை என்று பொய் சொன்னாள். அப்பாவுக்கு ஜோடியாக வேறொருவர் உட்கார்ந்தார்.

"என்ன வழுக்கு வழுக்குது! கலைக்க நல்லாத்தான் கிடக்குது" என்றார் ஒருவர்.

"நிறம் துலக்கமாத் தெரியுது. கண்ணாடியே வேண்டாம்" என்றார் மற்றவர்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஷாந்தினி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காலையில் இருந்த கோபம் இப்போது வசந்தன் பார்த்துவிட்டுப் போன பார்வையாக மாறி நெஞ்சில் கிடந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் சிற்றம்பலம் ஏற்கனவே போய்விட்ட டைமன் ஜாக்கை எதிராளி வைத்திருப்பதாக நினைத்து ஆடித் தோற்றார். அடுத்த ஆட்டத்தில் துருப்புச் சீட்டு எது என்று இரண்டு தடவை கேட்டார்.

"ஐயாவுக்கு இண்டைக்கு நித்திரை காணாது போல" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. அவர் கைக்கு ஹார்ட் ஜாக் வந்தது. சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். ஷாந்தினி தற்செயலாகத்தான் பார்த்தாள். அவருடைய வலது கட்டை விரல் அந்த ஜாக்கின் மூலைக்குப் போனது. நகம் அழுந்தியது. விரல் விலகியது. தடம் இல்லை. திரும்பவும் அழுந்தியது. இன்னும் பலமாக, நகத்தின் நுனி வெளுத்துப்போகும்வரை. பிளாஸ்டிக் கொஞ்சம் குழிந்து, உடனே நிமிர்ந்தது.

அவர் அதையே செய்துகொண்டிருந்தார். திரும்பத் திரும்ப.

ஷாந்தினிக்கு முகம் சுட்டது. மண்டபத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பது போலிருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவள் குனிந்து, அப்பாவின் அந்தக் கையை மெல்லப் பிடித்தாள்.

"காணும் அப்பா. எழும்புங்கோ."

சிற்றம்பலம் அண்ணாந்து பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். சிறு பிள்ளை போல எழுந்து அவள் பின்னால் நடந்தார்.

*

கார் கொஞ்ச தூரம் போனபிறகுதான் அவர் கவனித்தார்.

"இது வீட்டுக்குப் போற ரோட்டு இல்லையே."

"இல்லை. பொந்தியானுக்குப் போறம், கமலநாதன் அங்கிளிட்ட."

"காரைத் திருப்பு, ஷாந்தினி."

அவள் திருப்பவில்லை. அவர் சீட்பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வழியில், பெக்கான் நனாஸில் ரோட்டோரக் கடைகளில் அன்னாசி குவித்திருந்தது.

"எப்ப இருந்து அப்பா?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார்.

"நினைவு நிக்கிறேல்லைப் பிள்ளை. எந்தச் சீட்டுப் போச்சு, எது கிடக்குது... முந்தி ஒரு பார்வை பார்த்தாக் காணும். இப்ப கையில இருந்து நழுவுது. போன வருஷம் செமி ஃபைனல்ல ரெண்டு பிழை விட்டன். வசந்தன் சமாளிச்சுப்போட்டான். ஃபைனல்ல ஆரும் கண்டுபிடிச்சிடுவினம் எண்டு பயமாக் கிடந்தது. விரல் தானாச் செய்துபோட்டுது."

"டாக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"என்னட்டையாவது?"

"உன்னட்டைத்தான் சொல்ல வெட்கமாக் கிடந்தது."

அவள் பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றில் காரை ஒதுக்கினாள். ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே கேட்டாள்.

"அது சரி. வயசு, மறதி, பயம். எல்லாம் விளங்குது. இண்டைக்குக் காலமை? வசந்தன் எண்டு நாங்கள் சொன்னபோது, அம்மா அவரை அப்பிடிப் பேசினா எண்டு கேட்டபோது, 'விடு' எண்டு சொன்னீங்களே. அதுக்கும் மறதியா?"

சிற்றம்பலம் சீட்பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார். "இல்லை" என்றார். "அதுக்கு மறதி இல்லை."

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வசந்தனுக்குப் போன் செய்தாள். எடுக்க மாட்டான் என்று நினைத்தாள். எடுத்தான்.

"வசந்த், நான்... அப்பாதான். நான் பாத்துட்டேன்."

மறுபக்கம், பின்னால் அவன் அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"ஃபைனல் நடுவுலதான் கவனிச்சேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அவரோட சேர்ந்து கோப்பையை நானும்தானே தூக்கினேன்? கமலநாதன் வந்து மன்னிப்புக் கேட்டப்பக்கூட முன் வரிசையில உக்காந்துதான் இருந்தேன். அதனால நான் சுத்தம்னு உங்கிட்ட வாதாட வரல."

"என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களைக் கேட்டிருக்கணும். குத்தம் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ சந்தேகப்பட்டதுகூடப் பரவால்ல ஷான். மாமி பேசினப்ப நீ சும்மா நின்ன பாரு. அதான்."

"வீட்டுக்கு வாங்க."

"வருவேன். இன்னைக்கு இல்ல."

போனை வைத்துவிட்டான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சிற்றம்பலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தாள்.

"வீட்டுக்கே போவம்" என்றாள் அலுத்துப்போய். "உங்களை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி என்ன பிரயோசனம்?"

"இல்லை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "பொந்தியானுக்கு ஓட்டு."

*

கமலநாதனின் வீடு கடைசி வரிசையில், கடற்காற்று அடிக்கும் பக்கம் இருந்தது. வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அவர் வாசலில் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீ இறங்காதை. நான் மட்டும் போறன்" என்று சொல்லிவிட்டு சிற்றம்பலம் நடந்தார்.

ஷாந்தினி கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கமலநாதன். அப்பாவின் கைகள் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தன. என்ன சொன்னார் என்று அவள் காதில் விழவில்லை; சுருக்கமாகவே சொன்னார். கமலநாதன் குழாயை மூடிவிட்டு வந்து நின்றார். கோபப்படுவார், கத்துவார், கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

அவர் கேட்டைத் திறந்தார். ஆனால் சிற்றம்பலத்தை உள்ளே அழைக்காமல் காருக்கு வந்தார். ஷாந்தினி அவசரமாகக் கண்ணாடியை இறக்கினாள்.

"அங்கிள், அண்டைக்கு உங்களை அப்பிடி நிற்கவச்சது நான்தான். அப்பா இல்லை. என்னை..."

"அதை விடுங்கோ பிள்ளை" என்றார் கமலநாதன். குரல் உயரவில்லை. "சங்கத்தில ஆர் என்ன நினைச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை. நான் போகாம விட்டது கோவத்தில இல்லை."

"பின்னை?"

"என்ர மகள் அண்டைக்கு மண்டபத்தில பின்னுக்கு நிண்டவள். நான் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தவள். காரில வரேக்க கேட்டாள், 'ஏனப்பா தோத்த கோவத்தில பொய் சொன்னனீங்கள்?' எண்டு. இல்லைப் பிள்ளை எண்டன். 'அப்ப ஏன் மன்னிப்புக் கேட்டனீங்கள்?' எண்டாள். அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை." அவர் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதுக்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அவள் ஒரு நிமிஷம் யோசிச்சுத்தான் நம்புறாள்."

ஷாந்தினியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"உங்கட அப்பா எனக்குச் சொல்லிப்போட்டார். எனக்கு அது முந்தியே தெரியும். எனக்குச் சொல்லத் தேவையில்லை."

அவர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பிரவீனா! வெளியில வா. சிற்றம்பலம் ஐயா வந்திருக்கிறார்."

உள்ளே யாரோ டீவியை நிறுத்தினார்கள்.

சிற்றம்பலம் கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். கமலநாதனிடம் சொல்லும்போது நிமிர்ந்திருந்த முதுகு இப்போது வளைந்திருந்தது. ஒரு அடி பின்னால் வந்தார். காரைத் திரும்பிப் பார்த்தார். மகளை அழைக்கிறாரா, வராதே என்கிறாரா, தெரியவில்லை.

ஷாந்தினி கதவைத் திறந்து இறங்கினாள். போய் அவருக்குப் பக்கத்தில், தோள் தொடும் தூரத்தில் நின்றாள்.

"நீ காருக்குள்ள போ பிள்ளை" என்றார் அவர், உதடு அசையாமல். "நீ கேட்க வேண்டாம்."

"நானும் அவளுக்குச் சொல்லவேண்டியது இருக்குது அப்பா."

வாசல் கதவு திறந்தது. இருபது வயசுப் பெண்ணொருத்தி வெளியே வந்து, அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்தாள்.

"என்னப்பா?"

"என்னட்டைக் கேட்காதை" என்றார் கமலநாதன். "ஐயாவைக் கேள்."